ஒரே இரவில் வந்த அரிசித் தடை: அரசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி

ஆரணியில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து சிறிய அளவில் அரிசி ஏற்றுமதி செய்துவருகிறோம். சொந்த மில் கிடையாது. மில்காரர்களிடம் வாங்கி, ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளாகக் கட்டி சிங்கப்பூருக்கு அனுப்புவோம். 2023 ஜூலையில் ஒரே வியாபாரிக்கு, ஒரே விலைக்கு, இரண்டு கன்டெய்னர் பச்சரிசி தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தோம். முதல் கன்டெய்னர் சென்னையில் சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்குள் போய்விட்டது. இரண்டாவதுக்கான அரிசி இன்னும் மில்லில் இருந்தது. ஜூலை 20 இரவு தடை வந்தது. முதல் கன்டெய்னரை விட்டார்கள். இரண்டாவதை அனுப்ப முடியவில்லை. அந்த அரிசியை உள்ளூரில் நஷ்டத்துக்கு விற்று, முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். சில வாரங்களிலேயே சிங்கப்பூருக்கு இந்திய அரிசி போகிறது என்று செய்தி வந்தது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் அனுப்ப வழியில்லை என்றார்கள்.

நாடாளுமன்றத்தில் பேசாமல், ஒரு அறிவிக்கை வெளியிட்டே இப்படிச் செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா? மாநில அரசு தலையிட முடியாதா? நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போயிருக்கலாமா? இப்போது தடை இல்லை, தொழிலை விரிவாக்க நினைக்கிறோம். நாளை மறுபடி இப்படி ஒன்று வந்தால் எங்களைக் காத்துக்கொள்ள என்ன வழி?

— ஒரு வாசகர், ஆரணி

பதில்

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு. நாடாளுமன்றமே சட்டம் இயற்றிக் கொடுத்த அதிகாரம் அது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தால் வெல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு நேரக் கணக்கும் இருக்கிறது. உங்கள் முதல் கன்டெய்னர் தப்பியது அதிர்ஷ்டத்தால் இல்லை, அந்த நேரக் கணக்கால்தான். அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை நஷ்டத்தைப் பெருமளவு குறைக்கலாம். அரசிடம் எதைக் கேட்பது நியாயம் என்பதும் தெளிவாகும்.

அதிகாரத்தின் மூலம்

இந்தியாவில் ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாதுகாப்பு விதிகளின் கீழ் தொடங்கியது. 1947-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்ததுதான் 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வணிக மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். உங்கள் கேள்விக்கான விடை அதன் 3-ஆம் பிரிவில் இருக்கிறது.

அந்தப் பிரிவின் 2-ஆம் உட்பிரிவுப்படி, மத்திய அரசு அரசிதழில் உத்தரவு வெளியிட்டு எந்தப் பொருளின் இறக்குமதியையும் ஏற்றுமதியையும் தடை செய்யலாம், கட்டுப்படுத்தலாம், வேறு வகையில் ஒழுங்குபடுத்தலாம். எல்லோருக்கும் பொதுவாகச் செய்யலாம், சிலருக்கு விலக்கும் தரலாம். முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றோ இழப்பீடு தர வேண்டும் என்றோ அதில் இல்லை. 3-ஆம் உட்பிரிவு அந்த உத்தரவுக்குப் பல் கொடுக்கிறது. இப்படித் தடை செய்யப்பட்ட சரக்கு, 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 11-ஆம் பிரிவின் கீழ் தடை செய்யப்பட்டதாகவே கருதப்படும். கஸ்டம்ஸ் அதிகாரி சரக்கை நிறுத்துவதும் பறிமுதல் செய்வதும் இதன் பலத்தில்தான்.

நாடாளுமன்றம் முற்றிலும் விலகி நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் உத்தரவுகளை இரு அவைகளின் முன்பும் வைக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு கூறுகிறது. அவைகள் திருத்தலாம், நீக்கலாம். ஆனால் அது பின்னால் நடப்பது. அதற்குள் தடை நடைமுறைக்கு வந்து, கப்பலும் புறப்பட்டிருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். டி.ஜி.எஃப்.டி. என்று நாம் சொல்லும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம்தான் அறிவிக்கையை வெளியிடுகிறது. ஆனால் தடை விதிக்கும் அதிகாரம் தலைமை இயக்குநருடையது கிடையாது, மத்திய அரசுடையது. 3-ஆம் பிரிவு, 5-ஆம் பிரிவு அதிகாரங்களை இயக்குநருக்குப் பிரித்துத் தர முடியாது என்று 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே ஒரு சுற்றறிக்கையோ வணிகக் குறிப்போ புதிதாகத் தடையை உருவாக்க முடியாது. பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களின் இறக்குமதி பற்றிய அதுல் கமாடிட்டீஸ் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. “தடை வந்துவிட்டது” என்று யாராவது போனில் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அரசிதழ் அறிவிக்கை எண் என்ன?

மாநில அரசு

மாநில அரசால் இதில் சட்டப்படி எதுவும் செய்ய முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 41-ஆவது இனம் வெளிநாட்டு வணிகம், சுங்க எல்லை கடந்த ஏற்றுமதி, இறக்குமதி. ஏற்றுமதி வரி உள்ளிட்ட சுங்க வரிகள் 83-ஆவது இனம். இரண்டும் மத்திய அரசுக்கே உரியவை. முதலமைச்சர் கடிதம் எழுதலாம், எம்.பி.க்கள் அவையில் கேட்கலாம். அவற்றுக்கு அரசியல் எடை உண்டு, தடையை நீக்கும் சட்ட பலம் கிடையாது.

ஒன்று போனது, ஒன்று நின்றது ஏன்?

உங்கள் கடிதத்தின் மையம் இதுதான். 2023 ஜூலை 20 அறிவிக்கை பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை, அதாவது நம் பேச்சில் பச்சரிசியை, தாராளப் பட்டியலிலிருந்து தடைப் பட்டியலுக்கு மாற்றியது. அதே அறிவிக்கை சில சரக்குகளுக்கு விலக்கும் தந்தது. கப்பலில் ஏற்றத் தொடங்கிவிட்ட சரக்கு அதில் ஒன்று. ஷிப்பிங் பில் தாக்கலாகி, கப்பலும் துறைமுகத்துக்கு வந்து சுழற்சி எண் பெற்றிருந்தால் அந்தச் சரக்கும் போகலாம். மூன்றாவது வகை, அறிவிக்கைக்கு முன்பே கஸ்டம்ஸிடம் ஒப்படைக்கப்பட்டு அவர்களுடைய கணினியில் பதிவான சரக்கு. சுங்க நிலையத்துக்குள் நுழைந்த தேதியும் நேரமும் பதிவாகிச் சான்று காட்ட முடிந்த சரக்கும் இதில் சேரும். உங்கள் முதல் கன்டெய்னர் இந்த மூன்றாவது வாசல் வழியாகப் போனது. மில்லில் இருந்த அரிசிக்கு எந்த வாசலும் திறக்கவில்லை.

அரசிதழ் இப்போது இணையத்தில்தான் வெளியாகிறது. அதனால் தடை பிறக்கும் நேரத்தை நொடிக் கணக்கில் சொல்ல முடிகிறது. அரிசித் தடைக்குப் பிறகு 2023 ஆகஸ்ட் இறுதியில் வந்த தளர்வு இதைக் காட்டுகிறது. ஜூலை 20 இரவு 9 மணி 57 நிமிடம் 1 நொடிக்கு முன் ஏற்றுமதி வரி கட்டியிருந்த சரக்கையும் அனுப்பலாம் என்றது அந்த அறிவிக்கை. பச்சரிசிக்கு 2022 செப்டம்பரிலிருந்தே 20 சதவீத ஏற்றுமதி வரி இருந்தது உங்களுக்குத் தெரியும். தடைக்கு முன்பே அந்த வரியைக் கட்டிய ரசீது பலருடைய சரக்கை மீட்டது.

இந்த நொடிக் கணக்குக்குப் பின்னால் ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. 2019 பிப்ரவரி 14-இல் புல்வாமா தாக்குதல் நடந்தது. இரண்டு நாள் கழித்து, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் 200 சதவீதச் சுங்க வரி விதித்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அது இணைய அரசிதழில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடிக்கு. அன்று அதற்கு முன்பே அட்டாரி எல்லையில் சரக்கைக் கொண்டுவந்து பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்தவர்களிடமும் புதிய வரியைக் கேட்டார்கள். அறிவிக்கை அன்றைய தேதியில் வந்தது, ஆகவே அந்த நாள் முழுவதற்கும் பொருந்தும் என்பது அரசின் வாதம். ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் என்ற பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறிவிக்கை இணையத்தில் ஏறிய நொடியிலிருந்தே செல்லும், அதற்கு முந்தைய நேரத்துக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நாட்டின் பாதுகாப்பே பேசுபொருளாக இருந்த ஒரு நேரத்தில் எடுத்த முடிவையும் நீதிமன்றம் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறது. அரசின் கை எவ்வளவு நீளமானாலும் கடந்துபோன மணிக்குள் அது நுழைய முடியாது. 2015-இல் கனக் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கிலும் இதே கொள்கைதான் பேசப்பட்டது. ஏற்றுமதியாளருக்கு ஏற்கெனவே உரித்தாகிவிட்ட சலுகையை முன்தேதியிட்டுப் பறிக்கும் அதிகாரத்தை வெளிநாட்டு வணிகச் சட்டம் அரசுக்குத் தரவில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

எல்.சி. காப்பாற்றுமா?

காப்பாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் இல்லை. வெளிநாட்டு வணிகக் கொள்கையின் 1.05-ஆம் பத்தி ஒரு பொதுப் பாதுகாப்பு தருகிறது. தடைக்கு முன்பே திரும்பப்பெற முடியாத எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி தரும் கடனுறுதிக் கடிதம், திறந்திருந்தால், அதில் மீதமுள்ள அளவு, மதிப்பு, கால எல்லைக்குள் சரக்கை அனுப்பலாம். அதற்கு, தடை வந்த 15 நாளுக்குள் அந்த எல்.சி.யை டி.ஜி.எஃப்.டி.யின் வட்டார அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பகுதிக்கு அது எந்த அலுவலகம் என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2022 மே 13-இல் கோதுமை ஏற்றுமதி தடைபட்டபோது, அதற்கு முன் திறந்த எல்.சி.களை அரசு மதித்தது. அதைப் பார்த்துச் சிலர் முன்தேதியிட்ட எல்.சி.களைக் கொண்டுவந்தார்கள். பிறகு எல்லா எல்.சி.களையும் நேரில் சரிபார்க்க டி.ஜி.எஃப்.டி. உத்தரவிட்டது. உண்மையானவர்களும் அந்தச் சோதனையில் காத்துக் கிடக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 20 அரிசித் தடையில் 1.05-ஆம் பத்தியே பொருந்தாது என்று அறிவிக்கையில் எழுதிவிட்டார்கள். எல்.சி. வைத்திருந்த அரிசி வியாபாரிகளுக்கும் அதனால் பயனில்லாமல் போனது. ஆனால் ஒரே மாதத்தில், 2023 ஆகஸ்ட் 25-இல், புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி போட்டபோது, துறைமுகத்தில் ஏற்றுமதி அனுமதிக்காகக் காத்திருந்து எல்.சி.யும் கையில் இருந்த சரக்குக்கு அரசு விலக்கு தந்தது.

மூன்று முடிவுகள், மூன்று விதிகள். ஆகவே ஒரே ஒரு ஆவணத்தை நம்பி நிற்காதீர்கள். எல்.சி.யும் வேண்டும், சரக்கு சுங்க நிலையத்துக்குள் நுழைந்ததற்கான நேரப் பதிவும் வேண்டும்.

சிங்கப்பூருக்குப் போன அரிசி

இதில் உங்களுக்கு மனக்கசப்பு இருப்பது இயல்பு. ஜூலை அறிவிக்கையிலேயே, உணவுப் பாதுகாப்புக்காக ஒரு நாட்டின் அரசு கேட்டுக்கொண்டால் மத்திய அரசு அனுமதி தரலாம் என்ற விதி இருந்தது. அதன்படி ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்கு 50,000 டன் ஒதுக்கப்பட்டது. அக்டோபரில் மலேசியாவுக்கு 1,70,000 டன். இவை தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் வழியாகப் போயின. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு இது, சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் பல ஆண்டுகளாக அந்தச் சந்தையைக் கட்டி வளர்த்த சிறு ஏற்றுமதியாளருக்கு அதில் இடமே இல்லை. இதைச் சட்டமீறல் என்று சொல்ல முடியாது. நியாயக் குறைவு என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

நீதிமன்றம் போயிருந்தால்?

தொழில் செய்யும் உரிமையை அரசமைப்பின் 19-ஆவது பிரிவு தருகிறது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கும் இடத்தையும் அதே பிரிவு தருகிறது. உணவு விலை, பற்றாக்குறை போன்ற விஷயங்களில் நீதிமன்றங்கள் அரசின் முடிவுக்குள் பெரும்பாலும் இறங்குவதில்லை. அன்று அரசு தன் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னது. ஓராண்டில் அரிசியின் சில்லறை விலை 11.5 சதவீதமும், கடைசி ஒரு மாதத்தில் மட்டும் 3 சதவீதமும் ஏறியிருக்கிறது என்றது. அந்தக் காரணத்தை எதிர்த்து ஒரு ஏற்றுமதியாளர் நீதிமன்றத்தில் வெல்வது கடினம்.

இறக்குமதி பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பட்டாணி, பருப்பு இறக்குமதிக்கு அரசு அளவுக் கட்டுப்பாடு வைத்தது. அதை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றங்களில் இடைக்கால உத்தரவு வாங்கி, அந்த உத்தரவின் பலத்தில் சரக்கைக் கொண்டுவந்தார்கள். 2020 ஆகஸ்டில் அக்ரிகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் கட்டுப்பாடு செல்லும் என்றது. 2021 ஜூனில் ராஜ் குரோ இம்பெக்ஸ் வழக்கில், அப்படி வந்த பட்டாணி முழுப் பறிமுதலுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. உள்நாட்டுச் சந்தையில் விற்க வழியே இல்லாமல் போனது. இடைக்கால உத்தரவை இறுதி வெற்றியாக நம்பிச் சரக்கை நகர்த்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு தீர்ப்புகள் போதும்.

அப்படியானால் நீதிமன்றத்தால் பயனே இல்லையா? உண்டு. அறிவிக்கை அரசிதழில் வருவதற்கு முன்பே கஸ்டம்ஸ் சரக்கை நிறுத்தினால், விலக்கு விதிக்குள் வரும் சரக்கை மறுத்தால், வெறும் சுற்றறிக்கையை வைத்துத் தடுத்தால், உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். “இந்தத் தடை தவறு” என்று வாதாடுவதை விட, “இந்தத் தடை என் சரக்கின் மேல் பாயாது” என்று வாதாடுவதே பலன் தரும்.

வழக்குக்கு முன் இன்னொரு கதவும் இருக்கிறது. உண்மையான இடர்ப்பாடு இருந்தால் பொதுநலன் கருதித் தளர்வு தரும் அதிகாரம் டி.ஜி.எஃப்.டி.க்கு உண்டு. கொள்கைத் தளர்வுக் குழுவிடம் ஆவணங்களோடு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு எதுவும் கிடைக்காது.

தடை என்ற பெயரில் வராத தடைகள்

தொழிலை விரிவாக்குவதற்கு முன், அரசு கதவைச் சாத்தும் எல்லா வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். முழுத் தடை அவற்றில் ஒன்றுதான். அனுமதி பெற்றே அனுப்ப வேண்டிய கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்று. குறிப்பிட்ட அரசு நிறுவனம் மட்டுமே அனுப்பலாம் என்பது ஒன்று. இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்னும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை இன்னொன்று. கடைசியாக ஏற்றுமதி வரி. இது நிதி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது, வேறு சட்டத்தின் கீழ் வருகிறது.

வெங்காயத்தில் இவை அடுத்தடுத்து வந்ததை நாம் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி, அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை, டிசம்பர் 8 முதல் முழுத் தடை. 2024 மே மாதம் தடை நீங்கியபோதும் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் நின்றன. வரி முழுவதும் விலகியது 2025 ஏப்ரல் 1-இல்தான். பச்சரிசிக்கும் 2024 செப்டம்பர் 28-இல் தடை நீங்கியபோது டன்னுக்கு 490 டாலர் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். அது அக்டோபரில் எடுக்கப்பட்டது.

இதில் ஒரு முறை தெரிகிறது. வரி அல்லது குறைந்தபட்ச விலை என்ற பெயரில் முதல் அடி விழுந்தால், அடுத்து முழுத் தடை வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியிலும் 2022 செப்டம்பரில் குருணைக்குத் தடையும் பச்சரிசிக்கு 20 சதவீத வரியும் முதலில் வந்தன. பச்சரிசித் தடை பத்து மாதம் கழித்து வந்தது. அந்த முதல் அடிக்குப் பிறகு நீண்ட கால ஒப்பந்தம் போடாதீர்கள்.

வரியில் இன்னொரு நுணுக்கம். ஒப்பந்தம் போட்ட நாளின் வரி விகிதமோ ஷிப்பிங் பில் தாக்கல் செய்த நாளின் விகிதமோ உங்களுக்குப் பொருந்தாது. சரக்கை ஏற்றலாம் என்று அதிகாரி உத்தரவு தரும் நாளின் விகிதமே பொருந்தும் என்று சுங்கச் சட்டம் 16-ஆம் பிரிவு கூறுகிறது. சரக்கு யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் ஒரு ஆபத்து.

இனி என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஒப்பந்தம். “அரசு நடவடிக்கையால் முடியாவிட்டால்” என்று மொட்டையாக ஒரு வரி எழுதினால் போதாது. முழுத் தடை வந்தால் என்ன, அளவுக் கட்டுப்பாடு வந்தால் என்ன, குறைந்தபட்ச விலை வந்தால் என்ன, புதிய வரி வந்தால் அதை யார் கட்டுவது என்று தனித்தனியாக எழுதுங்கள். எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். இரண்டு முறையிலும் ஏற்றுமதி அனுமதியும் ஏற்றுமதி வரியும் பொதுவாக விற்பவர் பொறுப்புதான். வேறு மாதிரி வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தின் கீழ் இருந்தால், பின்னால் வந்த தடையால் சட்டவிரோதமாகிப்போன ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டம் 56-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். ஆனால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 65-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் திருப்பிக் கொடுத்தது சட்டப்படியும் சரி, வியாபார நாணயத்துக்கும் சரி. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பணம் வரும் வழி. முடிந்தவரை எல்.சி. கேளுங்கள். முன்பண வியாபாரம்தான் என்றால், தடை வந்த மறுநாளே உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்புவதும் அன்னியச் செலாவணி விதிக்கு உட்பட்டே நடக்க வேண்டும்.

மூன்றாவது, சரக்கின் நடமாட்டம். இரண்டு கன்டெய்னரும் தயாராகட்டும் என்று காத்திருந்து சேர்த்து அனுப்பாதீர்கள். தயாரானதை உடனே அனுப்புங்கள். ஷிப்பிங் பில், சி.எஃப்.எஸ். நுழைவுச் சீட்டு, வரி கட்டிய ரசீது, எடைச் சீட்டு ஆகிய நான்கிலும் தேதியோடு நேரமும் தெளிவாக இருக்கிறதா என்று உங்கள் கிளியரிங் ஏஜென்டிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

நான்காவது, குறியீட்டு எண். அரசு தடை செய்வது பொதுவாக அரிசியை என்றாலும் எழுத்தில் அது ஒரு எட்டு இலக்க எண். 2023-இல் பச்சரிசிக்கு ஒரு எண், புழுங்கலுக்கு ஒன்று, பாசுமதிக்கு ஒன்று, குருணைக்கு ஒன்று. தடை பச்சரிசி எண்ணின் மேல் விழுந்தது, புழுங்கல் தப்பியது. அந்த இடைவெளியைப் பார்த்துப் பச்சரிசியைப் புழுங்கல் என்றும் பாசுமதி என்றும் எழுதி அனுப்பியவர்கள் இருந்தார்கள். இதைக் காரணம் காட்டித்தான் பாசுமதிக்கும் 2023 ஆகஸ்டில் டன்னுக்கு 1,200 டாலர் என்று அரசு எல்லை வைத்தது. யாராவது இந்த வழியை உங்களுக்குச் சொன்னால் கேட்காதீர்கள். சரக்கு பறிமுதலாகும். சுங்கச் சட்டப்படி மதிப்பில் மூன்று மடங்கு வரையும், வெளிநாட்டு வணிகச் சட்டப்படி ஐந்து மடங்கு வரையும் அபராதம் விழலாம். ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணையே முடக்கலாம். அப்புறம் தொழிலே இல்லை. எண்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே ஒவ்வொரு முறையும் நடப்பு அட்டவணையைப் பாருங்கள்.

ஐந்தாவது, காப்பீடு. ஈ.சி.ஜி.சி. என்னும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் பாலிசி முதன்மையாக வாங்குபவர் பணம் தராமல் போகும் ஆபத்துக்கானது. நம் அரசின் தடையால் வரும் நஷ்டம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

ஆறாவது, இரண்டு கால்களில் நில்லுங்கள். பச்சரிசி மட்டும் அனுப்பியவர் ஜூலையில் விழுந்தார். புழுங்கலும் சேர்த்து அனுப்பியவர் வரி கட்டியாவது தொழிலை ஓட்டினார்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது

இந்த அதிகாரமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மழை பொய்த்து, விலை ஏறும்போது, கடையில் அரிசி வாங்கிச் சாப்பிடும் வீடுகளைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. உலக வணிக ஒப்பந்தங்களே அதை ஏற்கின்றன. அளவுத் தடைகள் கூடாது என்னும் காட் ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவு, உணவுப் பொருளின் கடும் பற்றாக்குறையைத் தவிர்க்கத் தற்காலிகமாக ஏற்றுமதியைத் தடுக்கலாம் என்று விலக்கு தருகிறது. ஆனால் அதே உலக வணிக அமைப்பின் விவசாய ஒப்பந்தம், தடைக்கு முன் முடிந்தவரை முன்கூட்டியே, மற்ற நாடுகள் அடங்கிய விவசாயக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்கவும் சொல்கிறது. அயல்நாட்டு அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயத்தை, ஆரணி வியாபாரிக்கும் அவருக்கு நெல் கொடுக்கும் உழவருக்கும் சொல்லக் கூடாதா?

முன்கூட்டிச் சொன்னால் எல்லோரும் அவசரமாக ஏற்றிவிடுவார்கள், தடையின் நோக்கமே கெடும் என்பது அரசின் பதில். அதில் உண்மை இருக்கிறது. உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது, ஒரு வார முன்னறிவிப்பே சந்தையைப் புரட்டிவிடும். ஆனால் முன்னறிவிப்பு கொடுக்காமலேயே நியாயம் செய்ய வழி இருக்கிறது. தடைக்கு முன் கையெழுத்தாகி, பணமும் வங்கி வழியாக வந்துவிட்ட ஒப்பந்தங்களுக்குக் குறுகிய கால அவகாசம் தரலாம். வங்கிப் பதிவை முன்தேதியிட்டு உருவாக்க முடியாது, ஆகவே கோதுமையில் நடந்தது போன்ற மோசடிக்கும் இடம் குறைவு. 1.05-ஆம் பத்தி எல்.சி.யை மட்டும் பார்க்கிறது. பெரிய நிறுவனங்கள் எல்.சி.யில் வியாபாரம் செய்கின்றன. உங்களைப் போன்றவர்கள் முன்பணத்திலும் நம்பிக்கையிலும் செய்கிறீர்கள். சட்டம் பாதுகாக்காமல் விட்டது அந்தச் சிறியவர்களைத்தான்.

முறையிட்டால் முடிவு மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஆகஸ்ட் 3-இல் லேப்டாப் இறக்குமதிக்கு உடனடிக் கட்டுப்பாடு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே அதைத் தள்ளிவைத்து, அக்டோபர் இறுதி வரை அவகாசம் கொடுத்தார்கள். கணினி நிறுவனங்களுக்குக் கிடைத்த அவகாசம் அரிசி வியாபாரிக்கும் கிடைக்க வேண்டும். 2025 ஜனவரியில் வணிகக் கொள்கையில் 1.07ஏ, 1.07பி என்று இரண்டு பத்திகள் சேர்க்கப்பட்டன. கொள்கையை மாற்றும்போது தொழிலில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. தானாகவே முடிவெடுக்கும் உரிமையையும் அரசு விடவில்லை. இருந்தாலும் கருத்துச் சொல்ல ஒரு முறையான இடம் இப்போது எழுத்தில் இருக்கிறது.

அதைப் பயன்படுத்துங்கள். தனியாக எழுதாதீர்கள். உங்கள் ஊர் மில் உரிமையாளர் சங்கத்தையும் நெல் தரும் உழவர்களையும் சேர்த்துக்கொண்டு, 1.05-ஆம் பத்தியின் பாதுகாப்பில் வங்கி வழி முன்பண ஒப்பந்தங்களையும் சேர்க்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை டி.ஜி.எஃப்.டி.க்கும் உங்கள் எம்.பி.க்கும் அனுப்புங்கள். 2023-இல் நின்றுபோன கன்டெய்னரின் ஒப்பந்த நகல், வங்கிப் பதிவு, நஷ்டக் கணக்கு மூன்றையும் இணைத்து வையுங்கள். அடுத்த தடை வந்த பிறகு எழுதினால் அது புலம்பலாகப் போய்விடும். தடை இல்லாத இந்த நேரத்தில் எழுதினால் அது கொள்கைக்கான கோரிக்கையாக நிற்கும்.